நாளொன்றுக்கு நாலரைச் சொல்

செவ்வாய்க் கோளில் புதுப்பாளையங்கோட்டை என்கிற ஊர், அன்று காலை பத்து மணிக்குள் பூமியோடு பதினோரு லட்சம் வாக்கியம் பேசி முடித்திருந்தது. அவற்றில் உண்மையாகவே பூமிக்குப் போய்ச் சேர்ந்தவை நாலாயிரத்து இருநூறு. மற்றதை அனுப்பத் தேவை ஏற்படவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று யாரும் புகார் கொடுக்கவும் இல்லை.

இந்த எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொரிமுத்து, வரத்துக் கணிப்பகத்தின் முதுநிலைக் கணிப்பாளர். சாலையில் போகிற வண்டிகளை எண்ணுகிற மாதிரி, இணைப்பில் போகிற வருகிற பேச்சுத் துணுக்குகளை எண்ணி, எந்த நேரத்தில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்வது அவர் வேலை. முப்பது வருஷம் எண்ணியதில் அவருக்கு ஒன்று தெரிந்துபோயிற்று. சராசரி மனிதன் ஒரு நாளைக்கு ஏழாயிரம் சொல் பேசுகிறான். அதில் கேட்கிறவன் எதிர்பார்க்காத சொல் நாலரை. அந்த அரைச் சொல் எது என்று பலர் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். தும்மலில் முடிந்துபோன சொல் என்பார், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

அந்த நாலரைச் சொல்லை நம்பித்தான் ஊரே நடந்தது. பூமியில் பேசும் வார்த்தை செவ்வாய்க்கு வர, கோள்கள் நிற்கிற நிலையைப் பொறுத்து மூன்று நிமிஷத்திலிருந்து இருபத்திரண்டு நிமிஷம் வரை ஆகும். நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு, குளித்து, துணி மாற்றி, கேட்ட கேள்வியையே மறந்துவிட்டு வந்து உட்கார்ந்த காலம் ஒன்று இருந்தது. போதாததற்கு ஒளிப்பாதை குறுகல். ஊர் பெருத்த பிறகு எல்லார் பேச்சும் அதற்குள் நுழையாது. ஆகவே இரண்டு கரையிலும் நிழலாள்களை வைத்தார்கள். நிழலாள் என்பது, ஒருவர் இதுவரை பேசியதையெல்லாம் எண்ணிப் பார்த்து, அடுத்து என்ன சொல்வார் என்பதை அவர் முகத்தோடும் குரலோடும் திரையில் சொல்லிவிடும் எந்திரம். செவ்வாய்க்காரர் பூமிக்காரரின் நிழலாளோடு பேசுவார். அங்கே இருப்பவர் இவருடைய நிழலாளோடு பேசுவார். நிழலாள் சொன்னதையே ஆளும் சொல்லிவிட்டால் எதையும் அனுப்ப வேண்டாம். மாறிப்போன இடத்தை மட்டும் திருத்தம் என்று அனுப்பினால் போதும். எதிர்பாராதது எவ்வளவோ அவ்வளவு வியப்பலகு, சுருக்கமாக அலகு. கல்யாணமாகி இருபது வருஷம் தாண்டிய தம்பதிகளுக்கு வாரக்கணக்கில் ஓர் அலகுகூட ஓடாது. அவர்கள்தான் இணைப்பின் மிகச் சிறந்த வாடிக்கையாளர்கள் என்று கணிப்பகம் வருஷா வருஷம் பாராட்டுத்தாள் கொடுத்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை வைத்த கையோடு அவர் மனைவி உலகம்மாள் விஷயத்தைச் சொன்னாள். அவள் தம்பி சங்கிலிபூதத்தான் பூமியில், பழைய பாளையங்கோட்டையில் இருந்தான். காலையில் பேசும்போது அவன் நிழலாள் வழக்கம்போல நல்லாத்தான் இருக்கேன்க்கா என்றிருக்கிறது. இருபத்தோரு நிமிஷம் கழித்துத் திருத்தம் வந்திருக்கிறது, ஐம்பத்தெட்டு அலகு. நெஞ்சில் வால்வு பழுது, மாற்ற வேண்டும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபரேஷன்.

அதே வெள்ளிக்கிழமை நண்பகலில் பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் சூரியன் குறுக்கே வருகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இப்படி வந்து, பதினாலு நாள் இணைப்பை அடைத்துவிட்டுப் போகும். அந்த நாட்களில் திருத்தம் இல்லாமலே நிழலாள்கள் பேச்சை ஓட்டிக்கொண்டிருக்கும். போன தடவை ஊரில் முக்கால்வாசிப் பேர் இணைப்பு அறுந்ததையே கவனிக்கவில்லை.

"நீங்க அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசிருங்க. பெருசா ஒண்ணும் வேண்டாம். சாப்ட்டியான்னு கேட்டாப் போதும். மத்ததை அவன் புரிஞ்சிக்கிடுவான்" என்றாள் உலகம்மாள்.

சொரிமுத்து ரசத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷம் ஆகிறது, அவரும் மைத்துனனும் பேசி. அப்போது இவர்களும் பூமியில்தான் இருந்தார்கள். மூத்த மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமனை வெற்றிலை பாக்குத் தட்டோடு வீட்டுக்கு நேரில் போய் அழைக்க வேண்டும். நாலு தெரு தள்ளித்தான் வீடு. சொரிமுத்துவோ அந்த வாரம் புது இணைப்பைச் சோதித்துக்கொண்டிருந்தார். தாய்மாமன் கல்யாணத்துக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு என்று கணக்குக் காட்டியது. வருகிறவனை எதற்குப் போய் அழைப்பது என்று இணைப்பிலேயே பத்திரிகையை அனுப்பிவிட்டார். மீதி இருந்த புள்ளி இரண்டு அன்றைக்கு நடந்தது. சங்கிலிபூதத்தான் வரவில்லை. மணமேடையில் மாமன் நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு சித்தப்பா நின்றார். அன்றிலிருந்து அவன் அக்காளோடு தினமும் பேசுவான். அத்தானைப் பற்றி ஒரு சொல் வராது. பேச்சு முடிகிற இடத்தில் லேசாக ஒரு செருமல் செருமுவான், அவ்வளவுதான். அந்தச் செருமலில் எவ்வளவு திமிர் இருக்கிறது என்று சொரிமுத்து அறைக்குள்ளிருந்து பலமுறை அளந்திருக்கிறார்.

ஆனால் வால்வு என்பது வேறு விஷயம். புதன்கிழமை காலை அவர் பேச்சறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எதிரே மைத்துனனின் நிழலாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அது வேறெப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியும்.

"சாப்ட்டியா மாப்ள" என்றார்.

நிழலாள் பேசவில்லை. அது கணிப்பு, உண்மையான பதில் வர நாற்பத்திரண்டு நிமிஷம். அவர் காத்திருந்தார். நாற்பத்திரண்டு நிமிஷம் ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று, திருத்தம் வரவில்லை. திருத்தம் இல்லை என்றால் ஆளும் பேசவில்லை என்று அர்த்தம். மறுபடி கேட்டார். உடம்பு எப்படியிருக்கு என்று ஒரு தடவை, கல்யாண விஷயத்தில் தப்பு என்னுடையதுதான் என்று ஒரு தடவை. இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்ல அவருக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. மொத்தம் ஒன்பது முறை. ஒன்பதுக்கும் நிழலாள் சுவரைப் பார்த்தது.

வெளியே வந்து, உன் தம்பி செத்தாலும் பேச மாட்டான் என்று சொல்ல வாயெடுத்தவர், வெள்ளிக்கிழமையை நினைத்து நிறுத்திக்கொண்டார். உலகம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. அது அவளுடைய வழக்கமில்லை; ஏழெட்டு அலகாவது பெறும்.

வியாழக்கிழமை அலுவலகத்தில் அவருக்குள் இருந்த அத்தான் ஓய்ந்து, கணிப்பாளர் விழித்தார். ஒருவன் ஒன்பது முறை கேட்டும் மற்றவன் ஒன்றுமே சொல்லாமல் இருப்பது சாதாரணமாக நடக்கிறதா? வைவதாவது நடக்கும். அவர் தன் சொற்கள் போன தடத்தைத் தேடி எடுத்தார். செவ்வாயிலிருந்து ஒழுங்காகக் கிளம்பியிருந்தன. பூமியிலும் இறங்கியிருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரே குறிப்பு: உமி.

அந்தக் குறிப்பை அவருக்கு நன்றாகத் தெரியும். அது அவர் எழுதிய விதி.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், சூரியப் புயல் வீசும்போதெல்லாம் இணைப்பில் சொற்கள் சிதைந்தன. தூத்துக்குடியில் ஒரு வாத்தியாரம்மா சமைத்துக் காட்டிய குழம்பைப் பார்த்து இங்கிருந்து அவள் புருஷன் அருமை என்று சொன்னது, அங்கே எருமை என்று போய் இறங்கி, விஷயம் வக்கீல் வரை போனது. அதன்பிறகுதான் சொரிமுத்து ஐயச்சல்லடையை உண்டாக்கினார். வந்திறங்கும் சொல்லை அந்த ஆள் சொல்லக்கூடிய வாய்ப்பு கோடியில் ஒன்றுக்கும் கீழே என்றால், அதைச் சொன்னது மனிதன் அல்ல, சூரியன். சல்லடை அதை உமி என்று பிரித்து, உமிக்கிடங்கு என்ற சேமிப்பில் கொட்டிவிடும். அந்த இடத்தில் நிழலாள் வழக்கமான எதையாவது வைத்து நிரப்பும். இதற்காக அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

சொரிமுத்து மைத்துனனிடம் சாப்ட்டியா என்று கேட்கும் வாய்ப்பு, நாலு கோடியில் ஒன்று. ஊரில் எல்லாரும் எல்லாரிடமும் கேட்கிற, ஓர் அலகுகூடப் பெறாத கேள்வி, அவர் வாயிலிருந்து போனதும் சூரியப் புயலாகிவிட்டது.

பிறகு அவர் செய்திருக்கக் கூடாத ஒன்றைச் செய்தார். செவ்வாய்க் கரையின் உமிக்கிடங்கைத் திறந்து, அதில் சங்கிலிபூதத்தான் பெயரில் ஏதாவது கிடக்கிறதா என்று தேடினார். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிடந்தது.

எல்லாம் அக்காளோடு பேசிய பேச்சுகளின் கடைசி வரி. அத்தான் எப்படி இருக்காவ. அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா. அவ்வொ சாப்ட்டாவளாக்கா. ஏழெட்டு வருஷமாக, நாள் தவறாமல். ஆரம்ப வருஷங்களில் அவன் மெய்யாகவே பேசாமல் இருந்திருக்கிறான். எந்திரம் அதிலிருந்து கற்றுக்கொண்டது. அப்புறம் மனசு மாறிக் கேட்டபோது அது உமியாகிவிட்டது. உமி எண்ணிக்கையில் சேராது. சேராததால் வாய்ப்பு கூடாது. கூடாததால் மறுநாள் கேட்டதும் உமி. கேள்வியை எடுத்துவிட்ட இடத்தில் நிழலாள் எதையாவது வைக்க வேண்டுமே என்று ஒரு செருமலை வைத்திருக்கிறது.

சொரிமுத்து கிடங்கை மூடினார். பிறகு எழுந்து தலைமைப் பொறியாளர் அமலோற்பவத்தின் அறைக்குப் போனார்.

இடிந்தகரைப் பக்கத்துப் பெண்மணி அவர், நறுக்கென்று பேசுவார். சல்லடையைத் தூக்க வேண்டும், இரண்டு கரையிலும், இன்றைக்கே என்று சொரிமுத்து கேட்டதும் முடியாது என்றார். நாளைக்குச் சூரியன் வருகிறது, இரைச்சல் உச்சத்தில் இருக்கும். இந்த நேரத்தில் சல்லடையைத் தூக்குவது மழைக்காலத்தில் கூரையைப் பிரிக்கிற வேலை. உங்கள் ஒருவருக்கு மட்டும் தூக்கிவிடலாமே என்று பார்த்தால் விதியில் அதற்கு இடமில்லை. ஆளுக்கொரு சலுகை கேட்டு வருவார்கள் என்று ஒன்பது வருஷம் முன்பே அந்த வாசலை அடைத்தவரும் நீங்கள்தானே என்றார்.

சொரிமுத்து கிடங்கின் மொத்தக் கணக்கைச் சொன்னார். முப்பத்தெட்டு லட்சம் உமி. அதில் ஆயிரத்தை அள்ளிப் பார்த்ததில் சூரியன் பேசியது பன்னிரண்டு. மீதி எல்லாம் மனிதர்கள்.

அமலோற்பவம் பேனாவை மூடி வைத்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்:

"என் பேருக்கு ஏதாவது வந்து கெடக்கா சார்?"

"நான் பாக்கல மேடம். பாக்கவும் கூடாது. நீங்க பாத்துக்கிடலாம்."

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரே ஒரு வரிதான் இருந்திருக்கும் போலிருக்கிறது. அதை வெகுநேரம் படித்தார். யாருடையது என்று அவரும் சொல்லவில்லை, சொரிமுத்துவும் கேட்கவில்லை. சாயங்காலம் பூமிக் கரையின் ஒப்புதல் வந்ததும் சல்லடை தூக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு கரையின் கிடங்குகளும் அவரவர் உமியை அவரவர் கையில் கொடுத்தன. அன்றைக்கு நடந்தது போல ஒரு வரத்து, வரத்து எண்ணத் தொடங்கிய காலத்திலிருந்து இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் கேட்ட மன்னிப்புகள் வந்தன. ஒரு மாமியார் மருமகளைப் புகழ்ந்தது வந்தது. கணிப்பகத்தின் பாராட்டுத்தாள் வாங்கிய தம்பதிகள் சிலருக்கு, நான்கு வருஷத்துக்கு முன்பே எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்று எதிர்முனை சொல்லியிருந்தது வந்தது. அதன்பிறகும் அவர்கள் நாலு வருஷம் அன்யோன்யமாகக் குடும்பம் நடத்தியிருந்தார்கள். ஊரில் பாதிச் சண்டை தீர்ந்தது, பாதி வீட்டில் சண்டை தொடங்கியது. எல்லாரும் ஒரே நேரத்தில் பதில் சொல்லக் கிளம்பினார்கள், அதுவும் ஒருவரும் எதிர்பார்க்காத பதில்கள். ஆளுக்கு நாலரைச் சொல்லுக்கு அளவெடுத்த பாதை, தேரோட்டத்தன்று ரத வீதி இருக்கிற மாதிரி ஆயிற்று.

சொரிமுத்துவின் ஒன்பது வரியும் பாளையங்கோட்டையில் கொடுக்கப்பட்டுவிட்டன என்று குறிப்பு வந்தது. பதில் வரிசையில் எங்கோ நிற்கிறது. மணி பதினொன்றரை. அவர் உலகம்மாளோடு பேச்சறையில் நின்றார். திரையில் மைத்துனனின் நிழலாள் மெல்ல முகத்தைத் திருப்பியது.

"சாப்ட்டேன் அத்தான். நீங்க சாப்ட்டீங்களா?"

உலகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பதினோரு வருஷம் கழித்துத் தம்பி வாயிலிருந்து அத்தான் என்ற சொல்லை இரண்டு காதாலும் கேட்டுவிட்டாள். சொரிமுத்துவின் கண் மட்டும் திரைக்குக் கீழே இருந்த அலகுக் காட்டியில் இருந்தது. அது பூஜ்யம் காட்டியது. பூமியிலிருந்து ஒன்றும் வரவில்லை. காலையிலிருந்து ஆயிரக்கணக்கான பேர் சமாதானமாவதைப் பார்த்து நிழலாள் பாடம் கற்றுக்கொண்டது. சண்டைக்காரர்கள் கடைசியில் இப்படித்தான் சொல்வார்கள் என்று தானே சொல்லிவிட்டது. நிஜமான ஆள் என்ன சொன்னான் என்பது வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே நண்பகல் ஆயிற்று. சூரியன் வந்து நின்றது.

அந்தப் பதினாலு நாளும் அவர் வீட்டில் ஒரே கொண்டாட்டம். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிது அத்தான் என்றது நிழலாள். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேருக்கு அது நல்லபடியாக முடியும், ஆகவே சொன்னது. நடக்கேன், இட்லி சாப்ட்டேன் என்றது. உலகம்மாள் தினமும் சிரித்துச் சிரித்துப் பேசினாள். சொரிமுத்துவும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். அந்தத் தொண்ணூற்று நாலுக்கு வெளியே இருக்கிற ஆறை அவர் ஒருவர் மட்டும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வாய்ப்பு நூற்றுக்கு நூறை நெருங்கியும் நடக்காமல் போன ஒரு கல்யாண வருகையை அவர் பார்த்திருந்தார். அவளிடம் சொல்லிவிடலாமா என்று ஒருநாள் தோன்றியது. சொன்னால் அவளுக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்து, இன்னொரு தோசை கேட்டார்.

சூரியன் விலகி இணைப்புத் திறந்தது. முதல் நாள் சங்கிலிபூதத்தான் பெயரில் திருத்தம் இல்லை. திருத்தம் இல்லை என்றால் நிழலாள் சொன்னபடியே எல்லாம் நடக்கிறது என்று அர்த்தம். அல்லது திருத்துவதற்கு ஆள் இல்லை என்று அர்த்தம். இரண்டுக்கும் காட்டி ஒரே பூஜ்யத்தைத்தான் காட்டும். இதற்கு ஏன் இரண்டு வேறு குறி வைக்கவில்லை என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டார். வரிசை பெரிது, வரும் என்று சொல்லிக்கொண்டார். இரண்டாம் நாளும் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் பேச்சறையில் நிழலாள் அத்தானின் முழங்காலை விசாரித்துக்கொண்டிருந்தபோது, பாதி வாக்கியத்தில் நின்றது. காட்டி அறுநூற்று நாற்பதுக்குப் போய்த் துடித்தது. திரையில் எழுத்து வந்தது: பதினேழு நாள் முன்பு, வெள்ளி காலை, 'சாப்ட்டேன் அத்தான்' என்று காட்டப்பட்டது தவறு. அவர் சொன்னது பின்வருமாறு.

"அறிவிருக்காவே உமக்கு? சாயங்காலம் ஆபரேசன், ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு கட்டிலோட கட்டிப் போட்டிருக்கான், இப்பம் வந்து சாப்ட்டியாங்கீரு. பதினோரு வருசத்துல வேற நாளே கெடைக்கலியோ?"

உலகம்மாள் திகைத்து நின்றாள். சொரிமுத்து தேதியை மறுபடி பார்த்தார். இது ஆபரேஷனுக்கு முந்தியது. காட்டி மறுபடி ஏறியது. எழுநூற்றுப் பன்னிரண்டு. இன்று காலை.

"அத்தான், இங்க உம்ம நெழலு ஒண்ணு ஒரு நாளைக்கு அஞ்சு தடவ தேன் ஒழுகப் பேசுது. கேக்க நெஞ்சு வலிக்கி, தையல் பிரிஞ்சிரும் போல. உமக்கு அந்த மாதிரிப் பேச வராதுன்னு எனக்குத் தெரியும். நீரு நெசமாவே இருக்கீரா, இல்ல போய்ச் சேந்துட்டீரா? இருந்தா ஒழுங்கா நாலு வசவு வைது சொல்லும்."

சொரிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் அந்தக் காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறந்த பிள்ளையின் எடையைப் பார்க்கிற மாதிரி. எழுநூற்றுப் பன்னிரண்டும் அவனே. ஒன்றைக்கூட எந்திரம் போடவில்லை.

அப்புறம் புதுப்பாளையங்கோட்டையில் கதை மாறிப்போயிற்று. அன்பாகப் பேசுவதெல்லாம் பூஜ்யம் அலகு. யார் வாயிலிருந்து வந்தாலும் அது நிழலாளாக இருக்கலாம். எதிர்முனையில் ஆள் இருக்கிறானா என்று தெரிய வேண்டுமானால் வைதாக வேண்டும். பாசமுள்ள குடும்பங்களின் பேச்சறைப் பக்கம் குழந்தைகளை அழைத்துப்போக முடியவில்லை. கணிப்பகம் பாராட்டுத்தாள் கொடுப்பதை நிறுத்திவிட்டது.

சொரிமுத்து அன்றைக்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார். நிழலாள்கள் இந்த வசவுகளையும் எண்ணிக்கொண்டுதான் இருக்கின்றன. இதே வேகத்தில் போனால் நாற்பது நாளில் சங்கிலிபூதத்தானைப் போலவே வையக் கற்றுக்கொண்டுவிடும். அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மேலதிகாரிக்கு எழுதிய அறிக்கையில் அந்தப் பத்தியை வெறுமையாக விட்டார்.

ஆனால் நாற்பது நாள் நாற்பது நாள்தானே. அவர் பேச்சறையில் உட்கார்ந்து, மைத்துனனை எப்படி வைவது என்று யோசித்தார். நல்லதாக ஒன்றும் அகப்படவில்லை. தோன்றியதெல்லாம் நாலைந்து அலகுதான் தேறும். இணைப்புத் திறந்து காத்திருந்தது. உலகம்மாள் பின்னால் வந்து நின்று பார்த்தாள். பதினோரு வருஷம் இரண்டு பேரையும் சேர்த்துவைக்கப் பாடுபட்டவள், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தள்ளுங்க. அவன் பத்தாங்கிளாஸ் படிக்கையில ஒரு பிள்ளைக்கு லெட்டர் எழுதி, அதை மாத்தி அவ அப்பன்ட்டயே குடுத்தான். அவ அப்பன் எழுத்துப் பிழையத் திருத்தித் திருப்பி அனுப்பினாரு. உசுரு போனாலும் யார்ட்டயும் சொல்லாதக்கான்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிருக்கான். அதைச் சொல்லுங்க."